தலேற்று: நெகிழ்த்திவிட்டு நழுவும் பொருள்

உப்புவெளியில் எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி, குழந்தைக்கு வாங்கிய பல் கடிக்கும் வளையத்தின் பெட்டியை என்னிடம் நீட்டினாள். “ரீச்சர், ‘தலேட் ஃப்றீ’ எண்டு போட்டிருக்கு. இது இருக்கிறது நல்லதோ, இல்லாதது நல்லதோ?” உயர்தர வகுப்புக்கு இத்தனை வருடம் இரசாயனவியல் படிப்பித்த எனக்கு, அவளுக்குப் புரிகிற ஒரு தமிழ்ச் சொல் உடனே வாயில் வரவில்லை. அந்தக் குறை மனதை உறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

பெயர் தமிழில் அமைவது எளிது. காபனேற்று, சல்பேற்று, நைத்திரேற்று என்று நம் பாடநூல்களில் படிக்கிறோம். அதே ஈற்றைப் போட்டால் தலேற்று. தமிழ்நாட்டில் தாலேட் என்பார்கள். தலிக்கமிலத்தின் எசுத்தர்கள் (அமிலமும் அற்ககோலும் சேர்ந்து உண்டாகும் சேர்வைகள்) எல்லாவற்றுக்கும் இது பொதுப்பெயர்.

ஆனால் இந்தத் ‘தலிக்’ முழுச்சொல் அல்ல, தலை வெட்டுப்பட்ட சொல். 1836இல் ஓகுஸ்ட் லோரன் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் நப்தலீனிலிருந்து ஓர் அமிலத்தைப் பெற்றார். தாய்ப்பொருளின் பெயரையே அமிலத்துக்கும் வைத்தார். அதன் சூத்திரம் அவர் நினைத்தது அல்ல என்று பிறகு தெரிந்தது. அதனால் பெயரின் முன்னால் இருந்த ‘ந’வை எடுத்துவிட்டார். மிஞ்சியது ‘ப்தலிக்’. தமிழில் சொல் ‘ப்’ என்ற மெய்யில் தொடங்காதே, அதனால் அதுவும் விழுந்து தலிக் ஆனது.

நப்தலீன் என்றால் அலுமாரியில் துணிக்கு நடுவே போடும் பூச்சி உருண்டை. அந்தப் பெயரை 1821இல் வைத்தவர் ஜோன் கிட். அதற்கும் வேர் நப்தா, மண்ணிலிருந்து ஊறும் எண்ணெயின் பெயர். கிரேக்கத்துக்குப் பாரசீகத்திலிருந்து போன சொல், பழைய மெசொப்பொத்தேமியாவின் அக்காத் மொழி வரை பழமையானது. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வளைகுடா நாடுகளில் உழைத்துவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள், பெற்றோலியத்துக்கு அறபியில் நஃப்த் என்று சொல்வார்கள். அதே சொல்தான். சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவைத்த எண்ணெய்க் குதங்களைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இந்த உறவு தூரமானதல்ல. இன்று தலேற்றுக்கு மூலப்பொருளான ஓதோ சைலீனும் பெரும்பாலும் பெற்றோலிய நப்தாவிலிருந்தே வருகிறது. பெயரும் பொருளும் ஒரே எண்ணெயில் பிறந்தவை.

சரி, இது என்ன வேலை செய்கிறது? பி.வி.சி. என்ற பிளாஸ்ரிக் தன் இயல்பில் விறைப்பானது, தண்ணீர்க் குழாயைப் போல. அதையே மழைக்கோட்டாக, ரெக்சினாக, சேலைன் குழாயாக, இரத்தப் பையாக மடங்கச் செய்ய, எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள். அதுதான் தலேற்று. அதிகம் பேசப்படுவது டி.ஈ.எச்.பி. என்ற வகை. இரத்தப் பையின் நிறையில் 30 முதல் 40 சதவீதம் வரை அது இருக்கலாம். முக்கியமான விடயம், அது பி.வி.சி.யோடு இரசாயனப் பிணைப்பால் கட்டுப்படுவதில்லை. நடுவே புகுந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சூடோ எண்ணெய்யோ பட்டால் மெல்ல வெளியேறும். நிலாவெளி வெயிலில் நாள்முழுக்க நிற்கும் முச்சக்கரவண்டியின் ரெக்சின் இருக்கை, வருடம் போகப்போக விறைத்து வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இளக்கி வைத்த பொருள் போய்விட்டதும் அதற்கு ஒரு காரணம்.

இந்த வேலைக்குரிய தமிழ்ச் சொல்லில்தான் எனக்கு வழக்கு. பிளாத்திக்காக்கி, குழைமமாக்கி, நெகிழியாக்கி என்று எழுதுகிறார்கள். மூன்றுமே ‘பிளாஸ்ரிக்கை உண்டாக்குவது’ என்ற கருத்தைத் தருகின்றன. தலேற்று பிளாஸ்ரிக்கை உண்டாக்கவில்லை, இருக்கிற பிளாஸ்ரிக்கை இளக்குகிறது. எனவே நெகிழ்த்தி என்பதே சரியென்பேன். நெகிழ்த்துவது நெகிழ்த்தி. இன்னொரு காரணமும் உண்டு. நெகிழ்தல் என்றால் இளகுதல் மட்டுமல்ல, கழன்று நழுவுதலும்தான். சங்கப் பாடல்களில் பிரிவால் மெலிந்த தலைவியின் கையிலிருந்து வளை நெகிழும். இந்தப் பொருளும் இரண்டையும் செய்கிறது: இளக்கிவிட்டுத் தானும் நழுவுகிறது. ஒரு சொல்லே இரண்டையும் சொல்லும்போது அதை ஏன் விடவேண்டும்? ஆக, இரசாயனப் பெயர் தலேற்று, செய்யும் வேலைக்கான பெயர் நெகிழ்த்தி.

நழுவியது எங்கே போகிறது என்பதுதான் ஆய்வாளர்களின் கேள்வி. பி.வி.சி. பையில் வைத்த இரத்தத்தில் டி.ஈ.எச்.பி. கலந்திருப்பது 1970களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அதே பொருள் செங்குழியங்கள் சிதையாமல் இருக்கவும் உதவுவதால், அதை விடுவது இரத்த வங்கிகளுக்கு இலேசாக இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் 289 பேரின் சிறுநீரைச் சோதித்தபோது, பெரும்பாலானோரிடம் தலேற்றுகளின் சிதைபொருட்கள் இருந்தன. இந்த வகைகள் உடலில் தங்குவது மணிக்கணக்கு, கூடினால் ஓரிரு நாள். அப்படியிருந்தும் இத்தனை பேரில் காணப்படுகிறதென்றால், ஒவ்வொரு நாளும் புதிதாக உள்ளே போகிறது என்று அர்த்தம். டி.ஈ.எச்.பி.க்கு முதன்மை வழி சாப்பாடு, அதிலும் கொழுப்புள்ளது. வீட்டுத் தூசு இன்னொரு வழி. வாசனைத் திரவியங்களில் மணத்தைப் பிடித்துவைக்கச் சேர்க்கும் டைஎதில் தலேற்று தோல் வழியாகவும் போகும்.

கருவுற்ற எலிகளுக்குச் சில தலேற்றுகளைக் கொடுத்தபோது, ஆண் குட்டிகளில் ரெஸ்ரொஸ்ரரோன் சுரப்பது குறைந்தது. விதைகள் கீழிறங்கவில்லை, சிறுநீர்த் துவாரம் இடம்மாறியது. மனிதரில் 2005இல் ஷானா ஸ்வான் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, தாயின் சிறுநீரில் இருந்த அளவுக்கும் ஆண் குழந்தைகளின் பிறப்புறுப்பு அளவீடுகளுக்கும் தொடர்பு கண்டது. எலிக்குக் கொடுத்த அளவு மிகப் பெரிது, மனித ஆய்வுகள் காட்டுவது தொடர்பைத்தான், நேரடிக் காரணத்தை அல்ல. இதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனாலும் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் விடயத்தில் முழு நிரூபணம் வரும்வரை காத்திருக்க எனக்கு மனம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியமும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில், விளையாட்டுப் பொருட்களில் மூன்று தலேற்றுகளை 0.1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக்கூடாது என்றது.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். தண்ணீர்ப் போத்தலின் பிளாஸ்ரிக், பொலிஎதிலீன் தெரெதலேற்று. பெயரில் தலேற்று இருக்கிறது, ஆனால் அது நெகிழ்த்தி அல்ல. பென்சீன் வளையத்தில் இரண்டு அமிலக் கூட்டங்களும் அடுத்தடுத்து இருந்தால் தலிக்கமிலம், எதிரெதிரே இருந்தால் தெரெதலிக்கமிலம். போத்தலில் அது சங்கிலியின் கண்ணியாகவே பிணைந்திருக்கிறது. அப்பாக்கள் போட்ட டெரிலீன் சேட்டின் பெயரும் இதிலிருந்து பிறந்ததுதான். போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 இருக்கும். நாம் கவனிக்கவேண்டியது 3, அது பி.வி.சி.

தங்கச்சிக்கு அன்று “இல்லாததுதான் நல்லது, பயப்படாமல் குடு” என்று மட்டும் சொன்னேன். மறுநாள் போய், பெட்டியின் மேல் பேனையால் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: ‘தலேற்று நெகிழ்த்தி சேர்க்காதது’.