11 நிமிடப் பாட்டில் தாளம் விட்டது யார்?

ஆல்பத்தில் 4 நிமிடத்தில் முடிகிற கானாப் பாட்டை மேடையில் 11 நிமிடத்துக்கு இழுத்தால், மறுநாள் வட சென்னையில் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் பஞ்சாயத்து நிச்சயம். "அந்த நடுப்பகுதி அங்கயே கட்டினதுடா, ரிகர்சல்ல கிடையவே கிடையாது" என்று ஒருவர் சத்தியம் செய்வார். "எல்லாம் முன்னாடியே பேசி வெச்சது மச்சான்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் போனை நீட்டி, டோலக் தாளம் விட்ட இடத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். ஒருவர் மேடைக்கு 5 மீட்டரில் நின்றவர், ஒருவர் தெருமுனையில் நின்றவர், ஒருவர் வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்தவர். மூவர் காதிலும் விழுந்தது மூன்று வேறு ஒலிகள். சண்டையில் பாதியை இயற்பியலே தீர்த்துவைக்கும். மீதிக்கு, மேடையில் ஒரு பாட்டு எப்படி நீள்கிறது என்று தெரிய வேண்டும்.

நீளும் பாட்டுக்குள் அசையாத சில விஷயங்கள் உண்டு. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் 19 பேர். டோலக், சட்டி, பறை என்ற தோல் கருவிகள் ஒரு பக்கம். எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ் ஒரு பக்கம். இத்தனை பேர் ஆளுக்கொன்று நினைத்து வாசித்தால் இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் இப்படிப்பட்ட குழுக்கள் சிலவற்றை முன்கூட்டியே பூட்டிவிடும்: ஸ்கேல் எத்தனை கட்டை, நடை (தாளக் கணக்கு) 6/8-ஆ 4/4-ஆ, பேஸ் கிட்டார் சுற்றிச் சுற்றி வாசிக்கப்போகும் 2 பார் அல்லது 4 பார் (தாளக் கட்டம்) துண்டு எது, அந்தச் சுற்றிலிருந்து வெளியே வரச் சைகை எது. எத்தனை சுற்று என்பதை மட்டும் பூட்டுவதில்லை. 4 நிமிடம் 11 ஆவது அந்த இடத்தில்தான்.

சைகையைத் தேர்ந்தெடுப்பதில் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். பாடகர் கையைத் தூக்குவதைச் சைகையாக வைத்தால் கெட்டது கதை. கூட்டம் கத்தக் கத்த அவர் பத்து தடவை கையைத் தூக்குவார். பாட்டில் வேறெங்கும் வராத ஒன்றாக அது இருக்க வேண்டும்: ஸ்நேர் டிரம்மில் ஒரு குறிப்பிட்ட ரோல் (விடாத உருட்டடி), அல்லது கிட்டாரில் மூன்றே சுரம். சைகை விழுந்த உடனே யாரும் திரும்பக் கூடாது. ஒரு முழுச் சுற்றை வாசித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். பின்வரிசைப் பறைக்காரர் அதைக் கவனித்து, புரிந்துகொண்டு, கையை மாற்ற அந்த அவகாசம் தேவை.

பாடகரின் நிலைமை இன்னும் நெருக்கடி. கானாவுக்கு இது புதிதல்ல. சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் மரண கானாவில் இறந்தவரின் பெயர், தொழில், அவர் வளர்த்த புறா வரைக்கும் பாட்டுக்குள் வந்துவிடும். ஆனால் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது? 6/8 நடை, நிமிடத்துக்கு 130 அடி என்று வையுங்கள். ஒரு அடிக்கு 461 மில்லிநொடி. 8 அடி கொண்ட ஒரு வரிக்கு 3.7 நொடி. கோரஸ் அந்த வரியை இரண்டு தடவை திருப்பிப் பாடினால் பாடகருக்கு 7.4 நொடி கிடைக்கிறது. படத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்கவே சுமார் 600 மில்லிநொடி ஆகும் என்பது பேச்சை ஆராய்பவர்களின் கணக்கு. ஒரு சொல்லுக்கே இந்தப் பாடு என்றால், எதுகை மோனையோடு ஒரு வரிக்கு 7 நொடி தாராளம் ஒன்றுமில்லை.

எனவே வரி பின்னாலிருந்து முன்னால் கட்டப்படுகிறது. முந்தைய வரி 'பேட்டை' என்று முடிந்திருந்தால், கோட்டை, வேட்டை, சேட்டை என்று கடைசிச் சொல் முதலில் சிக்கும். அதற்கேற்ற விஷயம் பிறகு. நேரம் போதாவிட்டால் முன்பாதியில் கைவசம் இருக்கும் பழைய தொடர் ஒன்று வந்து உட்காரும். அங்கேயே கட்டிய வரிக்கு அதுவே அடையாளம்: முன்பாதி எங்கோ கேட்டதுபோல் இருக்கும், பின்பாதியில் அன்றைய ஊர், அன்றைய மழை, முன்வரிசையில் ஆடுகிறவரின் சட்டை. எழுதிவைத்த பாட்டிலோ விஷயம் வரி முழுக்கப் பரவியிருக்கும். கோரஸ் வழக்கத்துக்கு மாறாக மூன்றாவது தடவையும் திருப்பினால், பாடகருக்கு இன்னும் சொல் அகப்படவில்லை என்று பொருள். ரசிகர்கள் சலித்துக்கொள்ளும் இடமும் அதுதான். நம்மைக் கேட்டால், அங்கேதான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த வேலையை மூளை எப்படிச் செய்கிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். 2008-இல் சார்லஸ் லிம்ப், ஆலன் பிரவுன் இருவரும் 6 ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து வாசிக்கச் சொன்னார்கள். 2012-இல் 12 ராப் பாடகர்களைக் கொண்டு அதேபோல் ஒரு சோதனை நடந்தது. மனப்பாடமாக வாசிக்கும்போது இருந்ததைவிட, அந்த நேரத்தில் உருவாக்கும்போது முன்மூளையின் நடுப்பகுதி சுறுசுறுப்பாகவும், தன்னைத்தானே மேற்பார்வை பார்க்கும் பக்கப்பகுதி அடங்கியும் இருந்தது. ஆனாலும் தலையை அசைக்காமல் படுத்தபடி பாடுவது வேறு, பட்டாசுப் புகைக்கு நடுவே பாடுவது வேறு. ரொம்பவும் நீட்டிப் பேசக் கூடாது.

இனி டெம்போ. "போகப் போக ஓட்டிட்டாங்க" என்பது எல்லாக் கச்சேரிக்கும் சொல்லப்படும் குற்றச்சாட்டு. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. ஒரு மீட்டரைக் கடக்க 2.9 மில்லிநொடி. மேடையின் இந்த மூலையில் டிரம்ஸ், அந்த மூலையில் டோலக், இடையே 8 மீட்டர் என்றால் ஒருவர் அடி மற்றவரை 23 மில்லிநொடி கழித்துத்தான் எட்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் குழுவினர் இருவரைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, ஒருவர் கைதட்டல் மற்றவர் காதுக்குத் தாமதமாகப் போகும்படி செய்து பார்த்தார்கள். தாமதம் சுமார் 10 மில்லிநொடியை ஒட்டி இருந்தபோது வேகம் நிலையாக இருந்தது. அதைவிடக் குறைந்தால் ஏறியது, கூடினால் இறங்கியது. மானிட்டர் (வாசிப்பவர்கள் தங்கள் ஒலியைக் கேட்க மேடையிலேயே வைக்கும் ஸ்பீக்கர்) இல்லாத அகலமான மேடையில் பாட்டு தொய்வதும், காலடியிலேயே மானிட்டர் இருக்கும் மேடையில் பாட்டு ஓடுவதும் இதோடு பொருந்துகிறது. சிக்கனம் பார்த்து ப்ளூடூத் ஸ்பீக்கரை மானிட்டராக வைத்தால் பெரும்பாலும் தாமதம் 100 மில்லிநொடியைத் தாண்டும். அதைக் கேட்டு வாசிக்கிறவர் எவ்வளவு பெரிய கில்லாடியானாலும் பின்தங்குவார்.

மேடையில் எல்லாம் சரியாக இருந்தும் கீழே தாளம் கெட முடியும். வட சென்னைத் தெருக்கச்சேரியில் கூட்டத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சுவர் இருக்கும்: குடியிருப்பு பிளாக், கோடவுன், பள்ளி மதில். முன்வரிசையில் நிற்பவருக்கு ஸ்பீக்கர் ஒலி உடனே கேட்கிறது. அதே ஒலி சுவரில் மோதித் திரும்பவும் வருகிறது. சுவர் 20 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 40 மீட்டர், அதாவது 115 மில்லிநொடி. மேலே சொன்ன 130 டெம்போவில் 6/8-இன் சிற்றடி (ஒரு அடிக்குள் மூன்று) ஒவ்வொன்றும் 154 மில்லிநொடி. எதிரொலி சிற்றடிக்கு முன்பாகவே வந்து விழுவதால், டோலக்காரர் அடிக்காத அடி ஒன்று இடையில் நொண்டுகிறது. அதே சுவர் 27 மீட்டரில் இருந்திருந்தால் எதிரொலி சரியாக அடுத்த சிற்றடி மேல் உட்கார்ந்து, "பீட் செம டைட்" என்ற பெயரை வாங்கிக்கொடுத்திருக்கும். சுவரை ஒட்டி நிற்பவருக்கோ நேரொலியும் எதிரொலியும் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிடுவதால் இந்தத் தொந்தரவே இல்லை. முன்னால் நின்றவன் சொல்வதே சரி என்ற வாதம் இங்கே எடுபடாது.

தெருமுனையில் கூடுதலாக வைக்கும் பாக்ஸ் வேறொரு வினை. வயரில் சிக்னல் கண்ணிமைப்பதற்குள் போய்விடும். மேடைப் பாக்ஸின் ஒலி காற்றில் 50 மீட்டர் நடந்து வர 143 மில்லிநொடி ஆகும். அங்கே நிற்பவருக்கு ஒவ்வொரு அடியும் இரண்டு தடவை. மிக்ஸரில் அந்தப் பாக்ஸுக்குப் போகும் லைனில் 143 மில்லிநொடி டிலே (தாமதம்) போட வேண்டும். கூடவே 10 முதல் 15 மில்லிநொடி சேர்த்தால், பக்கத்துப் பாக்ஸே சத்தம் கொடுத்தாலும் காது அதை மேடையிலிருந்து வருவதாக எடுத்துக்கொள்ளும். முதலில் எட்டும் ஒலியின் திசையையே காது நம்பும் என்பதுதான் இதன் சூட்சுமம். டிலே வசதி இல்லாத பழைய மிக்ஸர் என்றால், தூரத்துப் பாக்ஸ் வைக்காமல் இருப்பதே மேல்.

ஸ்பீக்கர் திடீரெனக் கூவும் ஹவுலிங்குக்கும் ரசிகர் தீர்ப்பு தயாராக இருக்கும்: சவுண்டுக்காரர் சரியில்லை. பல சமயம் காரணம் பாடகரின் கை. மேடையில் பயன்படும் கார்டியாய்டு மைக், பின்பக்கம் வரும் ஒலியைத் தள்ளிவிடும். அதற்காகத்தான் மானிட்டரை மைக்கின் வாலுக்கு நேராக வைக்கிறார்கள். அந்தத் தள்ளல் நடப்பது வலைத்தலைக்குக் கீழே பின்புறமாகக் காற்று நுழையும் துளைகளால். ஸ்டைலுக்காகத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் துளை அடைபடுகிறது. மைக் எல்லாத் திசையையும் கேட்கத் தொடங்குகிறது. மானிட்டர் ஒலி உள்ளே புகுந்து சுற்றிக் கூவும். பாட்டு நீளும் கட்டத்தில்தான் பாடகர் மைக்கைக் கழற்றிக்கொண்டு பாக்ஸுக்கு முன்னால் நடப்பார் என்பதால் ஹவுலிங்கும் அங்கேயே வரும்.

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழு 1974-இல் இந்தப் பிரச்சினையை முரட்டு வழியில் தீர்த்தது. மொத்த ஸ்பீக்கரையும் தங்கள் முதுகுக்குப் பின்னால் சுவராக அடுக்கி, மானிட்டரே இல்லாமல் வாசித்தார்கள். ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக், ஒன்றின் சிக்னல் தலைகீழாக. இரண்டிலும் சமமாக விழும் ஸ்பீக்கர் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; ஒரு மைக்கில் மட்டும் வாயை ஒட்டிப் பாடும் குரல் மிஞ்சும். குரல் கொஞ்சம் மெலிந்து கேட்டது என்பது அதற்குக் கொடுத்த விலை.

சுதி விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. தோல் கருவியும் கம்பிக் கருவியும் எதிரெதிராகப் போகும். ராயபுரம், காசிமேடு பக்கம் இரவு ஈரக்காற்றில் தோல் நீரை இழுத்துத் தொய்ந்து டோலக் சுதி இறங்கும்; விளக்குச் சூட்டில் காய்ந்தால் ஏறும். பறையைத் தீயில் காய்ச்சுவது இதற்காகத்தான். கிட்டார் கம்பிக்குச் சூடு பட்டால் நீண்டு சுதி இறங்கும். ஆக சூடான மேடையில் பாட்டு ஆரம்பித்தபோது சேர்ந்திருந்த இரண்டும் 11-ஆவது நிமிடத்தில் விலகி நிற்கலாம். அதில் யார் வாசிப்பையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

போன் வீடியோவைச் சாட்சியாக ஏற்பதில் கவனம் வேண்டும். பதிவாகும்போது சத்தம் ஏறினால் போன் தானே அளவைக் குறைத்துவிடும். பக்கத்தில் ஒருவர் விசில் அடித்தால் அடுத்த சில நூறு மில்லிநொடிக்கு டோலக் அமுங்கிப்போகும். 'தாளம் விட்ட இடம்' என்று காட்டப்படும் நொடிக்குச் சற்று முன்னால் விசிலோ கூச்சலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டால் பேஸ் கிட்டாரும் காணாமல் போகும். ஆதாரச் சுரம் இல்லாமல் கிட்டார் மட்டும் கேட்கும்போது ஸ்கேல் தப்பியதுபோல் தோன்றும். ஹெட்போனில் மறுபடி கேளுங்கள். கிரேட்ஃபுல் டெட் 1984-இல் பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது, மிக்ஸருக்குப் பின்னால். உயரமான கம்பத்தில் மைக்கைக் கட்டி, தலைகளுக்கு மேலே நிறுத்தினார்கள். நம்மூரிலும் நல்ல பதிவு வேண்டுமென்றால் சவுண்டுக்காரர் அருகே, தலை உயரத்துக்கு மேலே, ஆட்டோ லெவலை அணைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

டெம்போவை அளக்க ஆப் வேண்டாம். பாட்டின் தொடக்கத்தில் 60 அடி எண்ணி நேரம் பாருங்கள்: 27.7 நொடி என்றால் 130. கடைசி நிமிடத்தில் அதே 60 அடிக்கு 26.7 நொடி ஆனால் 135-க்கு ஏறிவிட்டது. இந்த அளவு ஏற்றம் மனிதர்கள் ஒருவரையொருவர் கேட்டு வாசித்ததற்கு அடையாளம். 11 நிமிடமும் ஒரே எண்ணில் நின்றால் டிரம்மர் காதில் கிளிக் (வேகம் காட்டும் டிக் டிக் ஒலி) ஓடுகிறது. கிளிக் மட்டும் என்றால் பாட்டு இன்னும் சுதந்திரமாக நீளலாம். கீபோர்டும் கோரஸும் முன்பதிவாக ஓடினால் நீளமே பூட்டப்பட்டது. இரண்டு வெவ்வேறு நாள் பதிவுகளை வைத்து நீளத்தை ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

முடிவையும் கவனியுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-இல் வந்த ஒலி மாசு விதி. ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு வரைக்கும் அரசு விலக்கு தரலாம். மணி 9.55 ஆனதும் மேடை ஓரத்திலிருந்து டார்ச் அடிப்பார்கள். டிரம்மர் ரோல் போடுவார். ஒரு சுற்று விட்டு எல்லோரும் நிற்க வேண்டும். அப்போது பாடகர் புது வரியின் நடுவில் இருந்தால், இசை நின்ற பிறகும் அவர் குரல் இரண்டு மூன்று அடிக்குத் தனியாக ஓடும். பூட்டிவைத்த பாட்டில் இப்படி நடக்காது.