அன்னதானம் சரி, ஆராய்ச்சிக்கு?

ஆடி, தை, மகாளய அமாவாசை வந்தால் சென்னை முதியோர் இல்லங்களில் சாப்பாடு போட ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அப்பாவின் திதி, பேரனின் பிறந்தநாள் என்றால் ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிடுவோம். நல்ல விஷயம்தான், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அந்த வயதின் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கும் கொடுக்கலாம் என்று நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

முதியோர் மருத்துவரான என்னிடம் ஓ.பி.யில் அடிக்கடி வரும் கேள்வி இது: "அம்மாவுக்கு 84 வயசாகுது டாக்டர், இன்னுமா பிரஷர் மாத்திரை?" வெகுகாலம் இதற்கு உறுதியான பதில் கிடையாது. பல நோய், பல மாத்திரை, தொடர்ந்து பரிசோதனைக்கு வருவதும் கஷ்டம் என்பதால் 80 தாண்டியவர்களைப் பெரும்பாலான மருந்து ஆய்வுகளில் சேர்க்கவே மாட்டார்கள். 60 வயதுக்காரர்களிடம் கிடைத்த முடிவை வைத்துக்கொண்டு 84-க்கு மருந்து எழுதினோம்.

2008-ல் வெளியான 'ஹைவெட்' ஆய்வுதான் இதைத் தெளிவாக்கியது. 80 வயதைக் கடந்த 3,845 பேர், பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவையும் சீனாவையும் சேர்ந்தவர்கள். ரத்த அழுத்த மாத்திரை எடுத்தவர்களிடையே இறப்பு சுமார் 21 சதவீதம் குறைந்தது, இதயச் செயலிழப்பு இன்னும் அதிகமாகக் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே முடித்துக்கொண்டார்கள். அதற்குப் பணம் கொடுத்ததில் ஒன்று, பொதுமக்கள் நன்கொடையில் நடக்கும் பிரிட்டிஷ் ஹார்ட் பவுண்டேஷன். இன்னொன்று ஒரு மருந்து நிறுவனம். சோதித்தது அதனுடைய மருந்தைத்தான். அதில் தப்பில்லை. ஆனால் பத்து மாத்திரை சாப்பிடும் பாட்டிக்கு எந்த நாலை நிறுத்தலாம் என்று ஆராய எந்த மருந்து நிறுவனம் பணம் போடும்? கீழே விழாமல் தடுக்கும் உடற்பயிற்சி, ஆபரேஷனுக்குப் பிறகு வரும் திடீர் மனக்குழப்பம், இவற்றுக்கெல்லாம் அரசு நிதியை விட்டால் நன்கொடைதான் வழி.

நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் தம்பதியின் பிரதீக்ஷா அறக்கட்டளை நிதியில் பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டக் கிராமத்து மக்களின் நினைவாற்றல் வயதாக ஆக எப்படி மாறுகிறது என்று பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவருகிறது. இந்தியாவிலேயே முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவு முதலில் வந்தது 1978-ல், நம் சென்னை அரசு பொது மருத்துவமனையில். இப்போது கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மையமும் இருக்கிறது. நோயாளிகளுக்கும் இங்கே பஞ்சமில்லை.

கோடி வேண்டும் என்றில்லை. வீடு வீடாகப் போய் விவரம் எடுக்கும் நர்ஸின் சம்பளம், பரிசோதனைக்கு வரும் தாத்தாவின் ஆட்டோ காசு, இப்படித்தான் செலவாகும். கொடுக்கும்போது எந்த ஆய்வுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். ஆய்வில் சேருபவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, முடிவு சாதகமாக இல்லாவிட்டாலும் வெளியிடுவார்களா என்றும் கேளுங்கள். வரிச்சலுகை வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்; புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படியும் அந்தச் சலுகை இல்லை. அப்புறம், ஆய்வில் சோதிக்கும் மருந்துக்கு நோயாளியிடமே பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.