ஷேடு கார்டில் சந்தனம், சுவரில் மாம்பழ மஞ்சள்

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். புது வீட்டின் படுக்கையறைக்கு ஷேடு கார்டைப் பார்த்து இளம் சந்தன நிறம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்களாம். நான்கு சுவர்களும் சீலிங்கும் அடித்து முடித்ததும் அறை பழுத்த மாம்பழம் போல நிற்கிறது. பெயிண்டர் கடைக்காரரைக் கை காட்டுகிறார். கடைக்காரரோ, கேட்ட எண்ணைத்தான் கலந்து கொடுத்தேன் என்று ரசீதை நீட்டுகிறார். யார் மேல் தவறு?

இருவர் மேலும் இல்லை. கார்டில் இருந்ததும் டப்பாவில் இருந்ததும் ஒரே நிறம்தான். அதை மாற்றியது அறை.

உள்வடிவமைப்புப் பாடம் வெளி, கோடு, வடிவம், ஒளி, நிறம், இழைமம் என்ற கூறுகளில் தொடங்கும். சமநிலை, அளவுப் பொருத்தம், தாளம், இசைவு ஆகிய நெறிகளைக் கொண்டு அவற்றை இணைக்கச் சொல்லும். நெடுக்குக் கோடுகள் அறையை உயரமாகக் காட்டும், படுக்கைக் கோடுகள் அகலமாகக் காட்டும் என்பதெல்லாம் நீங்கள் பல இடங்களில் படித்திருப்பீர்கள். அந்தப் பட்டியலில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒளியையும் நிறத்தையும் தனித்தனி வரிகளில் எழுதிவிடுகிறார்கள். நான்கு சுவர்களுக்குள் அவை இரண்டையும் பிரிக்கவே முடியாது.

விளக்கைப் பற்றி முதலில் சுருக்கமாக. ஜவுளிக்கடையில் புடவையை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போகிறோமே, அதற்குக் காரணம் உண்டு. வெள்ளை எல்இடி என்பது பெரும்பாலும் ஒரு நீல எல்இடியும் அதன் மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருளும்தான். சூரிய ஒளியில் உள்ள எல்லா அலைநீளங்களும் அதில் அதே அளவில் இருப்பதில்லை. கடையின் விளக்கில் ஒரு மாதிரியும் வீட்டு ஜன்னலோரத்தில் வேறு மாதிரியும் நிறம் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் சந்தனம் மாம்பழமாக ஆவதற்கு இது மட்டும் போதாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எமல்ஷன் அடித்த சுவர் கண்ணாடியைப் போல ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்பாது, எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கும். அப்படிச் சிதறிய ஒளி எங்கே போகும்? எதிர்ச் சுவருக்கு, சீலிங்குக்கு, பக்கத்துச் சுவருக்கு. அங்கிருந்து மறுபடியும் இங்கே. விளக்கிலிருந்து நேராக வரும் ஒளியைத் தவிர, ஒவ்வொரு சுவரும் மற்றச் சுவர்களுக்கு விளக்காகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். நம் சந்தன நிறம் மஞ்சள் ஒளியில் 80 விழுக்காட்டையும் நீல ஒளியில் 60 விழுக்காட்டையும் எதிரொளிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார்டில் நீங்கள் பார்ப்பது ஒரே ஒரு எதிரொளிப்பு. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் விகிதம் 4:3. மென்மையான நிறம்தான். அறைக்குள் இரண்டாவது முறை பட்டுத் திரும்பும்போது மஞ்சள் 64, நீலம் 36. மூன்றாவது முறை 51, 22. ஒவ்வொரு முறையும் சுவர் நீலத்தைக் கூடுதலாக விழுங்குகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் பத்தாம் வகுப்பில் படித்த முடிவுறாப் பெருக்குத் தொடர் வந்து நிற்கும்: மஞ்சள் 80 + 64 + 51 + … = 400, நீலம் 60 + 36 + 22 + … = 150. ஆறு பக்கமும் இதே நிறம் பூசிய மூடிய அறையில், சுவரிலிருந்து கண்ணுக்கு வரும் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் விகிதம் 8:3. கார்டில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. பெயிண்டில் ஒரு துளி நிறமியும் கூடவில்லை!

நிஜ அறையில் ஜன்னல் உண்டு, வேறு நிறத் தரை உண்டு, ஆகவே விளைவு இவ்வளவு தீவிரமாக இராது. மூளையும் ஒளியின் சாயலை ஓரளவு கழித்துவிடும். மிச்சம் இருப்பதுதான் வாசகியின் மாம்பழம்.

கணினி வரைகலைக்காரர்களும் இதே கணக்கோடு மல்லுக்கட்டியவர்கள். சுவர்கள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் ஒளியைக் கணக்கிடும் முறையை கார்னெல் பல்கலைக்கழகக் குழு ஒன்று 1984இல் வெளியிட்டது. சிவப்புச் சுவருக்கு அருகில் இருக்கும் வெள்ளைப் பரப்பில் மெல்லிய சிவப்புச் சாயல் படர்வதைக் கணினிப் படத்தில் காட்ட அப்போதுதான் வழி பிறந்தது. நம் வீடுகளில் காவித் தரையை ஒட்டிய வெள்ளைச் சுவரின் அடிப்பகுதியில் வெயில் நேரத்தில் அதைச் சும்மாவே பார்க்கலாம்.

வெள்ளைக்கும் இதே தொடர்தான். 80 விழுக்காடு எதிரொளிக்கும் சுவர்கள் சூழ்ந்த மூடிய அறையில், சுவர்கள் மேல் விழும் மொத்த ஒளி விளக்கு நேராகத் தருவதைப்போல் 5 மடங்கு. 90 விழுக்காடாக இருந்தால் 10 மடங்கு. புகையும் தூசியும் படிந்து 80 என்பது 70 ஆனால் 5 மடங்கு 3.3 ஆகிவிடும். சுவர் கொஞ்சம்தான் மங்கியிருக்கும், அறை மூன்றில் ஒரு பங்கு ஒளியை இழந்திருக்கும். எங்கள் ஆச்சி பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்காமல் விடமாட்டார். சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கலக்கச் சொல்வார். சுண்ணாம்பின் லேசான பழுப்பைச் சுவர்கள் தங்களுக்குள் பெருக்கிக்கொள்ளும் என்பது தெரிந்தபின் அந்தச் சிட்டிகையின் அருமை எனக்குப் புரிந்தது. செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தில் விழும் வெளிச்சம் வெள்ளைப் பூச்சில் பட்டுப் பட்டுத்தான் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவைத் தாண்டி உள்ளே போகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இந்தத் திசை அறைக்கு இந்த நிறம்தான் என்று வாஸ்து சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். திசை முக்கியம்தான், மேற்கு ஜன்னலில் மாலை வெயில் இறங்கும் என்பதால். அதிர்ஷ்டத்துக்கு அதில் வேலையில்லை. அந்தப் பணத்தில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் ஒன்று வாங்கலாம். நம் கட்டடக்கலைக் கல்லூரிகள் பழைய வீடுகளின் ஒளியை அறை அறையாக, பருவம் பருவமாக அளந்து வைக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பெரிய செலவு பிடிக்கும் ஆராய்ச்சியும் அல்ல.

வாசகிக்கு வருவோம். சீலிங்கை வெள்ளையாக்கினாலே அறை ஓரளவு தெளிந்துவிடும். அடுத்த அறைக்கு, பிடித்த நிறத்தைவிட ஒன்றிரண்டு படி வெளிறியதை எடுங்கள். வெள்ளைச் சுவரில் ஒரு சதுரம் மட்டும் அடித்துப் பார்ப்பதால் பயனில்லை, சுற்றியுள்ள வெள்ளை ஏமாற்றிவிடும். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளே ஆறு பக்கமும் சாம்பிள் பெயிண்டை அடியுங்கள். ஒரு பக்கத்தில் ஜன்னல் போல வெட்டுங்கள், இன்னொரு பக்கத்தில் கண் வைக்க ஓட்டை போடுங்கள். எத்தனை முறை பட்டுத் திரும்புவது என்ற கணக்கில் அறை எத்தனை அடி என்பது வருவதே இல்லை. அமைப்பின் விகிதம் ஒன்றாக இருந்தால் போதும், பெட்டிக்குள் நடப்பதுதான் அறைக்குள்ளும் நடக்கும். நிறம் பூசப்போகும் அந்த அறையின் ஜன்னலோரத்திலேயே பெட்டியை வைத்து, காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் உள்ளே பாருங்கள்.