கணினி, பவர் ஆம்ப், நடுவில் நாலு ரெசிஸ்டர்

கும்பகோணத்துப் பழைய வீட்டுக் கூடத்தில், மைக் செட்டுக்கு வாங்கிய பவர் ஆம்ப்பை வைத்து லேப்டாப்பை நேராகச் சொருகினால் இரண்டு தொல்லை வரும். கணினியின் வால்யூம் ஸ்லைடரைக் கொஞ்சம் நகர்த்தினாலே வீடு அதிரும். பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரில் 'உஸ்ஸ்' என்று ஓடிக்கொண்டிருக்கும். உடனே, "டிஜிட்டல் வால்யூம் பிட்டைத் தின்றுவிடும்" என்று பழி அதன்மேல் விழுகிறது. பெரும்பாலும் கோளாறு அங்கே இல்லை, ஆம்ப்பின் கெயினில் இருக்கிறது.

பவர் ஆம்ப் வந்த மின்னழுத்தத்தை ஒரே விகிதத்தில் பெருக்கும். 26 டெசிபெல் கெயின் என்றால் 20 மடங்கு. டி.ஏ.சி. (கணினியின் எண்களை மின்னழுத்தமாக மாற்றும் கருவி) முழு அளவில் தருவது 2 வோல்ட். அது 40 வோல்ட்டாகி 8 ஓம் ஸ்பீக்கரில் 200 வாட் ஆகும். கூடத்தில் உட்கார்ந்து கேட்க சராசரியாக 1 வாட் போதும். அதற்கு ஆம்ப்புக்குள் போக வேண்டியது 0.14 வோல்ட்தான். ஆகவே ஸ்லைடர் எப்போதும் 23 டெசிபெல் கீழேயே கிடக்கும். ராத்திரியில் மெதுவாகக் கேட்டால் 42-க்கும் இறங்கும்.

அப்படி இறக்கும்போது கணினி செய்வது, ஒலியைக் குறிக்கும் எண்களை ஒரு பின்னத்தால் பெருக்குவது மட்டும்தான். ஒவ்வொரு 6 டெசிபெல்லுக்கும் எண் பாதியாகும், அதாவது ஒரு பிட் போகும். தஞ்சாவூர் வீணையில் ஒரு மீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கமகம் பேசுவதே மீட்டிய பிறகு தேயும் நாதத்தில்தான். அந்த வாலில் ஒரு மாதிரியின் (ஒரு கணத்தில் அளந்த ஒலியின்) எண் 20 என்று வைப்போம். 42 டெசிபெல் குறைத்தால் அதை 128-ஆல் வகுக்க வேண்டும், 0.16 வரும். 16 பிட்டில் முழு எண்ணாக்கினால் பூஜ்யம். நாதத்தின் வால் அறுந்துவிடும்.

அதே எண்ணை 24 பிட்டில் அனுப்பினால் கீழே எட்டு பிட் கூடுதலாகக் கிடைக்கிறது. 20 என்பது 5,120 ஆகும். அதை 128-ஆல் வகுத்தால் 40, மிச்சமில்லாமல். 16 பிட் பதிவை 48 டெசிபெல் வரை இப்படி எதையும் இழக்காமல் இறக்கலாம். ஆகவே விண்டோஸில் ஒலிக் கருவியின் பண்புகளில் 24 பிட்டைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே கலவை 32 பிட் ஃப்ளோட்டில் (தசமப் புள்ளி எண்ணில்) தான் நடக்கிறது. வெட்டு விழுவது கடைசி வெளியீட்டில்.

சரி, அந்த 'உஸ்ஸ்'? அது டி.ஏ.சி.க்குப் பின்னால் பிறக்கும் அனலாக் இரைச்சல். ஸ்லைடரை இறக்கினால் பாட்டு குறையும், இது குறையாது. லேப்டாப் சாக்கெட் 1 வோல்ட் தந்து, இரைச்சல் அதற்கு 90 டெசிபெல் கீழே இருந்தால், அது 32 மைக்ரோவோல்ட். ஆம்ப் அதை 0.63 மில்லிவோல்ட்டாக்கும். 1 வாட்டுக்கு 88 டெசிபெல் தரும் வீட்டு ஸ்பீக்கரில் ஒரு மீட்டரில் 15 டெசிபெல், காதில் விழாது. 105 டெசிபெல் ஹார்ன் என்றால் 32. ஊர் அடங்கியபின் நன்றாகவே கேட்கும்.

மருந்து மலிவு. சேனலுக்கு இரண்டு, ஆக நாலு ரெசிஸ்டர்: 3 கிலோ ஓம் தொடராக, 1 கிலோ ஓம் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே. கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் வாங்குங்கள். ஆம்ப் பக்கத்து ஆர்.சி.ஏ. பிளக்குக்குள்ளேயே சால்டர் செய்துவிடலாம். லேப்டாப் பக்கம் வைத்தால் வழியில் வயர் பிடிக்கும் இரைச்சல் குறையாமல் உள்ளே போகும். சிக்னலும் இரைச்சலும் சேர்ந்து 12 டெசிபெல், கால்வாசியாக இறங்கும். இதற்குமேல் கேட்கும் 'உஸ்ஸ்' ஆம்ப்பின் சொந்தச் சரக்கு. உள்ளீட்டை ஷார்ட் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். எக்ஸ்.எல்.ஆர். (மூன்று பின் உள்ள மைக் பிளக்) இணைப்பில் 2, 3 ஆகிய இரு பின்களிலும் 1.5 கிலோ ஓம் தொடராகவும், அவற்றுக்குக் குறுக்கே 1 கிலோ ஓமும் போட வேண்டும்.

3 கிலோ ஓமுக்குப் பதில் பொட்டென்ஷியோமீட்டர் போடலாமே என்றால், போடலாம். ஆனால் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் அது சீக்கிரம் கரகரக்கும். குறைந்த அளவில் இடமும் வலமும் ஒத்தும் வராது.

ரெசிஸ்டரின் பெரிய உதவி பாதுகாப்பு. பிளேயர் எக்ஸ்க்ளூசிவ் மோடில் (ஒலிக் கருவியைத் தானே முழுதாகப் பிடித்துக்கொண்டு) ஓடினால் சிஸ்டம் வால்யூம் செல்லாமல் போகலாம். யு.எஸ்.பி. டி.ஏ.சி.யைக் கழற்றி மாட்டினால் ஸ்லைடர் நூறுக்குத் தாவலாம். அப்போது 200 வாட் பாய்ந்தால் ட்வீட்டர் (உயர் சுதிக்கான சின்ன ஸ்பீக்கர்) காலி. 12 டெசிபெல் குறைப்பு இருந்தால் உச்சமே 12.5 வாட். வி.எல்.சி.யில் 100-ஐத் தாண்டி 125 வரை ஏற்றாதீர்கள். அலையின் தலை வெட்டுப்படும்.

'கொர்ர்' என்று ஒரே அளவில் வரும் முனகல் வேறு விஷயம், கிரவுண்ட் லூப் (கருவிகளின் கிரவுண்ட் இணைப்புகள் வளையமாவது). சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் அதுவேதான்.

போடும்போது கணினி முதலில், ஆம்ப் கடைசியில். நிறுத்தும்போது ஆம்ப் முதலில். கரண்ட் போனதும் எழுந்து போய் ஆம்ப் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கரண்ட் திரும்பும்போது டெஸ்க்டாப் பூட் ஆகையில் சவுண்ட் கார்டு ஒரு 'டப்' விடும். ஆம்ப் ஆனில் இருந்தால் அது நேரே ஸ்பீக்கர் கோனில் அடிக்கும்.