புதுக் கட்டடம் வருகிறதா? பிளக் பாயின்ட் எங்கே என்று முதலில் கேளுங்கள்

உங்கள் ஊர் ஒன்றியப் பள்ளியில் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு இரண்டு புது வகுப்பறை கட்டப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே பள்ளிக்குப் பாடத்தைப் படமாகக் காட்டும் மின்னணுத் திரையோடு ஸ்மார்ட் வகுப்பறையும் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டும் அரசுப் பணம்தான். ஆனால் வரும் வழி வேறு வேறு. கட்டடம் எழுப்பும் கான்ட்ராக்டருக்குத் திரை எந்தச் சுவரில் வரும் என்று தெரியாது. திரை மாட்டுகிறவர் வந்து சேர்வதற்குள் சுவர் பூசி, பெயின்ட் அடித்து, திறப்பு விழாவும் முடிந்திருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிரே திரையை மாட்டியிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் அதில் பிள்ளைகளின் முகம்தான் தெரியும், பாடம் தெரியாது. கடைசியில் ஆசிரியை வீட்டிலிருந்து பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னலில் கட்டினார். திரைக்கு ஆன செலவோடு பார்த்தால், அந்தச் சுவரை மாற்றி யோசிக்க ஒரு பைசா ஆகியிருக்காது.

கட்டடப் பணம் எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டில் 2022-23 நிதிநிலை அறிக்கையில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 5 ஆண்டுகளில் ரூ.7,000 கோடியில் அரசுப் பள்ளிகளின் உட்கட்டமைப்பைச் சீர்செய்வது அதன் நோக்கம். அதற்குச் சில மாதம் முன்பு, 2021 டிசம்பரில், நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்திருந்தார்கள். அதன்பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. ஊராட்சி ஒன்றிய தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் கட்டட வேலை ஊரக வளர்ச்சித் துறையின் கையில். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக் கட்டடங்களைப் பெரும்பாலும் பொதுப்பணித் துறை கட்டுகிறது.

கருவிகள் பள்ளிக்கல்வித் துறை வழியாக வருகின்றன. 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகம் தரப்பட்டது. பிறகு தொடக்கப் பள்ளிகளுக்கு என்று 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள். இவை தவிர, நன்கொடை தருகிறவர்களுக்காக 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற வழியும் உண்டு.

இந்தப் பணமெல்லாம் ஒரே இடத்தில் பேசப்படக்கூடிய மேசை ஒன்றே ஒன்றுதான்: பள்ளி மேலாண்மைக் குழு. இதை யாரும் சலுகையாகத் தரவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 21-ஆம் பிரிவு சொல்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். 2024-இல் மறுகட்டமைப்பு செய்தபோது நம் மாநிலத்தில் குழுவை 24 பேர் ஆக்கி, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அரசு உதவிபெறும் பள்ளி என்றால் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம்.

முக்கியமானது அடுத்த பிரிவு, 22. குழு ஒரு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். அரசும் உள்ளாட்சியும் தங்கள் திட்டத்தையும் மானியத்தையும் அதன் அடிப்படையில்தான் வகுக்க வேண்டும் என்கிறது அது. நிறைய ஊரில் இந்தத் திட்டத்தை ‘இரண்டு வகுப்பறை, ஒரு கழிப்பறை, சுற்றுச்சுவர், ஸ்மார்ட் கிளாஸ்’ என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் கிடைப்பதும் ஒரு வரி வகுப்பறைதான்.

என்ன எழுத வேண்டும்? திரை எந்தச் சுவரில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்று தலைமை ஆசிரியருக்குத் தெரியும், அந்த இடத்தில் பத்து வருடம் நின்றிருப்பார். ஜன்னல் பிள்ளைகளின் பக்கவாட்டில் இருக்கட்டும். திரைக்கு எதிரேயும் வேண்டாம், திரைக்குப் பின்னாலும் வேண்டாம். அந்தச் சுவரில் பிளக் பாயின்ட், இன்டர்நெட் வயருக்குத் தனிப் பைப், எர்த்திங் மூன்றும் எஸ்டிமேட்டிலேயே இருக்க வேண்டும். பிறகு சுவரைக் கொத்தினால் அந்தச் செலவு யார் கணக்கில் என்று அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டிவரும்.

கணினி ஆய்வகம் என்றால் இன்னும் கவனம். உயர்நிலைப் பள்ளிக்கு 10, மேல்நிலைப் பள்ளிக்கு 20 கணினி என்பது மேலே சொன்ன உயர் தொழில்நுட்ப ஆய்வகத் திட்டத்தின் அளவு. இத்தனையும் ஒரே நேரத்தில் ஓட இப்போதுள்ள ஈ.பி. இணைப்பு தாங்குமா என்று கேளுங்கள். யு.பி.எஸ். பேட்டரிக்குக் காற்றோட்டமான மூலை வேண்டும். மழைக்கு ஒழுகும் அறை, சத்துணவுக் கூடத்துப் புகை வரும் அறை இரண்டும் ஆகாது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் ‘காலியாக இருந்தது’ என்ற ஒரே தகுதியில் ஆய்வகம் ஆன அறைகள் ஏராளம்.

தொடக்கப் பள்ளி வேறு கதை. அங்கே தொழில்நுட்பத்தைவிடத் தரையும் சுவரும் முக்கியம். அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிந்து உட்காருகிறார்கள். வரிசையாகப் பெஞ்சு போட்ட அறையில் அது நடக்காது. 2007-இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலின்போது சுவரைச் சுற்றிலும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அடித்தார்கள். தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி அவர்கள் வரைந்ததைத் தொங்கவிட்டார்கள். கற்றல் இடம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் புதுக் கட்டடத்தில் சுவர் முழுக்க டைல்ஸ் ஒட்டினால் பளபளப்பாக இருக்குமே தவிர, எழுதவும் ஒட்டவும் இடம் இருக்காது. ‘கீழ்மட்டக் கரும்பலகை வேண்டும்’ என்று வளர்ச்சித் திட்டத்தில் ஒரு வரி சேருங்கள்.

சாய்தளத்தைக் கணக்கோடு கேளுங்கள். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது விதி. அடித்தளம் இரண்டு அடி என்றால் 24 அடி சாய்தளம் வேண்டும். இடமில்லை என்று எட்டு அடியில் முடித்தால் சக்கர நாற்காலியை ஆள் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். கணினி அறையை மாடிக்குக் கொண்டுபோனால் அந்தப் பிள்ளைக்கு அதுவும் இல்லை.

பராமரிப்பைத்தான் எல்லோரும் மறக்கிறோம். பள்ளிக்கல்விக்கான ஒன்றிய அரசுத் திட்டமான சமக்ர சிக்ஷாவின் விதிப்படி கணினி ஆய்வகத்துக்கு ஒருமுறைச் செலவாக ரூ.6.40 லட்சம் வரையும், அதன்பின் ஆண்டுக்கு ரூ.2.40 லட்சம் வரை 5 ஆண்டுகளுக்கும் தரலாம். ஆறாம் ஆண்டு பேட்டரி போனால்? பள்ளி மானியம் இருக்கிறது. 101 முதல் 250 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ.50,000. அதிலேயே பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மிச்சத்தில் சாக்பீஸ் முதல் குழாய் ரிப்பேர் வரை எல்லாம். ஆகவே வளர்ச்சித் திட்டத்தில் கருவியின் பெயருக்குப் பக்கத்திலேயே அதன் உத்தரவாதக் காலம், பழுதானால் யாரிடம் புகார், மாற்றும் செலவு எந்தத் தலைப்பில் என்று எழுதிவிடுங்கள்.

எப்போது கேட்பது என்பதும் கேட்பதைப் போலவே முக்கியம். எஸ்டிமேட் போடும் முன் கேட்டால் பொறியாளர் பென்சிலால் மாற்றிவிடுவார். வேலை உத்தரவு கையெழுத்தான பிறகு கேட்டால் ‘இதில் இல்லையே’ என்பார், அவர் சொல்வதும் சரிதான். அதனால் கட்டடம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததுமே குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டு, குழுவின் தீர்மானங்களைப் பதிவு செய்யும் பெற்றோர் செயலியில் பதிவேற்றச் சொல்லுங்கள். அதே தீர்மானத்தைக் கிராம சபையிலும் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது.

எஸ்டிமேட் நகலைத் தலைமை ஆசிரியர் வழியாகக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுக் கொடுக்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். நகல் கைக்கு வந்ததும் மின்சார வேலைப் பக்கத்தைத் திருப்பி, வகுப்பறைக்கு எத்தனை பாயின்ட் என்று எண்ணுங்கள். ஒரு ட்யூப்லைட், ஒரு ஃபேன், ஒரு சுவிட்ச் போர்டு என்று மட்டும் இருந்தால், அஸ்திவாரம் தோண்டும் முன்பே உதவிப் பொறியாளரைப் போய்ப் பாருங்கள்.