அணையின் அடிவாரத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டில்

பழைய குடிநீர் அணை ஒன்றைப் பார்வையிடப் போனால், முதலில் என்னைக் கரையின் மேல் அழைத்துப் போய்த் தேங்கி நிற்கும் தண்ணீரைத்தான் காட்டுவார்கள். இத்தனை அடி நிற்கிறது, இன்னும் இத்தனை மாதம் தாங்கும் என்பார்கள். கேட்டுக்கொள்வேன். அப்புறம் மறுபக்கச் சரிவில் இறங்கி அடிவாரத்துக்குப் போய்விடுவேன். மண் அணையின் உடல்நிலை அங்கேதான் தெரியும்.

அணைகளின் பாதுகாப்பை ஆய்வு செய்வது என் தொழில். என் பையில் எப்போதும் இரண்டு மூன்று கண்ணாடிப் பாட்டில்கள் இருக்கும். அடிவாரத்தில் கசிந்து வரும் நீரை அதில் பிடித்து, ஒரு வெள்ளைத்தாளுக்கு முன்னால் தூக்கிப் பார்ப்பேன். பிறகு ஓர் இரவு முழுக்க ஆடாமல் அசையாமல் வைத்துவிடுவேன். காலையில் பாட்டிலின் அடியில் மண் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கசிவைக் கண்டதும் பலர் பதறிப்போகிறார்கள். கசியாத மண் அணை உலகத்தில் கிடையாது. தெளிந்த நீர் சீரான அளவில் வந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. கலங்கலாக வந்தால், அணை தன் மண்ணையே வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு மண்துகள் நகர்ந்த இடத்தில் நீர் கொஞ்சம் வேகமாக ஓடும். அந்த வேகம் அடுத்த துகளை இழுக்கும். இப்படி வெளிப்பக்கத்தில் தொடங்கும் பொந்து நீர்த்தேக்கத்தை நோக்கிப் பின்னோக்கி நீண்டுகொண்டே போகும். இதற்கு உள் அரிப்பு என்று பெயர். இதுவரை உடைந்த பெரிய மண் அணைகளில் ஏறத்தாழ பாதி இப்படி உடைந்தவைதான். மீதியில் பெரும்பாலானவை வெள்ளம் கரைக்கு மேல் ஏறி வழிந்ததால் போனவை.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 அன்று காலையில் கலங்கிய ஊற்று கண்ணில் பட்டது. ஓட்டையை அடைக்கப் புல்டோசர்களை அனுப்பினார்கள். அவையும் உள்ளே சரிந்தன. 11.57 மணிக்கு அணை உடைந்தது. அது முதல்முறையாக நீர் நிரப்பப்பட்ட புது அணை. பழைய அணைக்கு இது பொருந்துமா என்று கேட்பார்கள். பொருந்தும். பழைய அணையில் இதே வேலை வருடக்கணக்கில் ஓசையில்லாமல் நடக்கும். கடைசிச் சில மணி நேரம் மட்டும் டீட்டனின் வேகத்தில் நடக்கும்.

வயதான அணைக்கு இதில் இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, மண்துகளைப் பிடித்து நிறுத்திவிட்டு நீரை மட்டும் வெளியே விடும் மணல் வடிகட்டி அடுக்கு. இன்றைய அணைகளில் அது கட்டாயம். பழையவற்றில் பெரும்பாலும் இருக்காது. இன்னொன்று, கரைக்குள் புகுந்து ஊருக்கு நீர் கொண்டுபோகும் குழாய். குழாயைச் சுற்றியுள்ள மண்ணை நன்றாகக் கெட்டிப்பது மிகக் கடினம். இரும்பு துருப்பிடித்து இணைப்பு விட்டுப்போனால், மண் சத்தமில்லாமல் குழாய்க்குள் இறங்கிவிடும். கரையில் மரம் வளர்ந்தால் அதுவும் ஆபத்து. மரம் பட்டுப்போனபின் வேர் மக்கி, மண்ணுக்குள் குழாய்போல வழி விட்டுவிடும்.

கசிவு எவ்வளவு என்பதை வி வடிவ வெட்டு போட்ட ஒரு தகட்டை வைத்து அளக்கிறோம். வெட்டின் வழியே நீர் எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் போகிறது என்று குறித்தால் போதும். ஆனால் அந்த எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் 6 ஆனால், ஒன்று தானே கூடியிருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. ஓட்டம் முன்பிருந்ததைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகியிருக்கும். அதோடு, நீர்த்தேக்கம் ஒரே மட்டத்தில் இருந்த நாட்களின் எண்களைத்தான் ஒப்பிட வேண்டும். மட்டம் மாறாமலே கசிவு கூடினால் உள்ளே வழி அகலமாகிறது. திடீரென்று குறைந்தாலும் நிம்மதி கொள்ளக் கூடாது. வடிகால் அடைபட்டுக் கரைக்குள் நீரழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம், அல்லது நீர் நாம் பார்க்காத வேறு இடத்தில் வெளியேறலாம்.

ஓர் அணையில் இந்த அளவுகளை எழுதிவைக்கும் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஏழு மாதமும் தினமும் 5 என்றே எழுதியிருந்தது. அந்த ஏழு மாதத்தில் நீர்மட்டம் மூன்று மீட்டர் இறங்கி ஏறியிருந்தது. அடிவாரத்துக்குப் போனால் தகடே கண்ணுக்குத் தெரியவில்லை. புல்லும் பாசியும் மூடிக்கிடந்தன. அங்கே வெகுகாலமாக வேலை பார்க்கும் காவலரைக் கேட்டேன். "அளவெல்லாம் எனக்குத் தெரியாது சார். ஆனா போன வருஷம் இந்த ஈரம் அந்தக் கல்லோட நின்னுச்சு, இப்ப இதுவரைக்கும் வந்துடுச்சு" என்று பத்தடி தள்ளிக் காட்டினார். எனக்கு வேண்டிய தகவல் அதுதான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை.

இந்த மாதிரி ஆட்களை நான் கருவிகளைவிட மேலாக மதிக்கிறேன். லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிநீர் தந்த பால்ட்வின் ஹில்ஸ் நீர்த்தேக்கத்தில், 1963 டிசம்பர் 14 அன்று வழக்கமான சுற்றுக்குப் போன காவலரின் காதில் வழக்கத்துக்கு மாறாக நீர் பாயும் சத்தம் விழுந்தது. அவர் உடனே தகவல் சொன்னார். நான்கு மணி நேரத்தில் கரை உடைந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அவர் அன்று சுற்றுக்குப் போகாமல் இருந்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

குடிநீர் அணைக்கு என்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆபத்து நேரத்தில் நீர்மட்டத்தைச் சீக்கிரம் இறக்க அடிமதகு திறக்க வேண்டும். ஆனால் அதைத் திறந்தால் அடியில் கிடக்கும் வண்டல் கலங்கி, சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தலைவலி. அதனால் வருடக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. வால்வு துருவேறி இறுகிவிடுகிறது. தேவைப்படும் நாளில் சக்கரம் சுற்றாது. வருடத்துக்கு ஒருமுறையாவது, நீர் வழங்கலை முன்கூட்டியே வேறு வழிக்கு மாற்றிவிட்டு, அதை முழுதாகத் திறந்து மூட வேண்டும். எந்த அணைக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இதைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்பதுதான். ஆனால் திறக்கும்போதும் நிதானம் வேண்டும். மட்டம் வேகமாக இறங்கினால், கரைக்குள் ஊறிய நீர் அதே வேகத்தில் வடியாமல் நீர்த்தேக்கப் பக்கத்து உள்சரிவு சரிந்துவிடலாம். கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் அணையில் 1981இல் அப்படித்தான் ஆனது.

வெள்ளத்தைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்ததும், கலிங்கின் மேல் பலகையோ மணல்மூட்டையோ அடுக்கி அரை மீட்டர் கூடுதலாகத் தேக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உபரி நீர் வெளியேறும் வாயை அடைத்து, கரையின் உச்சிக்கும் நீருக்கும் இருக்க வேண்டிய இடைவெளியைத் தின்றுவிடுகிறோம். மண்கரை மேல் நீர் வழிந்தால் சில மணி நேரம்கூடத் தாங்காது. ஷட்டரும் அப்படியே. ஆந்திராவின் அன்னமய்யா அணை 2021 நவம்பர் 19 அன்று வெள்ளத்தில் உடைந்தபோது, அதன் ஐந்து ஷட்டர்களில் ஒன்று முன்பே பழுதாகி இயங்காமல் இருந்தது. லிபியாவின் டெர்னா நகருக்கு மேலே இருந்த இரு அணைகளில் விரிசல் இருப்பது 1998லேயே பதிவாகியிருந்தது. 2023 செப்டம்பரில் இரண்டும் உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். இரண்டு இடத்திலும் குறை தெரிந்தே இருந்தது.

அணைக்குக் கீழே குடியிருப்பவர்களும் கரையில் நடக்கப் போகிறவர்களும் கவனிக்க முடிந்தவை நிறைய உண்டு. வறண்ட நாளில் சரிவின் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருப்பது, கரை உச்சியில் நீளவாக்கில் விரிசல், பள்ளம் விழுந்த மண், அடிவாரத்தில் கொதிப்பதுபோல மணலைத் தள்ளும் ஊற்று. பார்த்தால் இடத்தையும் நேரத்தையும் குறித்துப் படம் எடுத்துப் பொறுப்பானவர்களிடம் சொல்லுங்கள். கலங்கிய நீர் பெருகினால் அங்கே நிற்கவே வேண்டாம். பள்ளத்தாக்கை விட்டு மேட்டுக்குப் போங்கள். ஊற்றின் வாயை மட்டும் களிமண்ணால் அடைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி நீர் வேறிடத்தில் பீய்ச்சும். அணைக்காரர்கள் அதன்மேல் முதலில் மணல், பிறகு ஜல்லி, பிறகு கல் என்று அடுக்குவார்கள். நீர் வரும், மண் வராது.

ஈரம் பரவியதைக் காவலர் எனக்குக் காட்டிய அந்த அணையில் நீர்மட்டத்தை இரண்டு மீட்டர் இறக்கச் சொன்னேன். ஊருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் என்றாகிவிட்டது. கோபப்பட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. குழாயில் நீர் வராத வீட்டில் நான் சொல்லும் காரணம் எடுபடாது. தோண்டிப் பார்த்ததில், பழைய இரும்புக் குழாயின் ஓர் இணைப்பு விட்டு, அதன் பக்கத்தில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குப் பொந்து இருந்தது. குழாய்க்கு உள்ளுறை போட்டு, பொந்தை நிரப்பி, அடிவாரத்தில் மணல் வடிகட்டி அமைக்க எட்டு மாதம் ஆனது.

அடுத்த முறை போனபோது காவலர் தன் அறைக்குக் கூட்டிப் போனார். ஜன்னல் ஓரத்தில் வரிசையாகக் கண்ணாடிப் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றையும் ஆட்டாமல் தூக்கி, அடியைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.