குளத்தில் புல்லுக்கெண்டை அகப்பட்டால்

ஆவணி முடிவில் ஒரு காலை, வன்னியில் கனகராயன் ஆற்றோடு தொடுப்புள்ள நடுத்தரக் குளம் ஒன்றின் வாடியில் நின்றேன். விடிய வலை எடுத்து வந்த தோணியில் திலாப்பியாவுக்கும் கட்லாவுக்கும் நடுவே ஒரு மீன் வேறாகத் தெரிந்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும். தோணிக்காரர் அதைத் தூக்கிக் காட்டினார்.

"சேர், றோகு எண்டுதான் நினைச்சன். வாய் வேற மாதிரிக் கிடக்கு. இதை எங்கட சங்கம் விடேல்லையே?"

"இல்லை அண்ணை, இது புல்லுக்கெண்டை. கிராஸ் காப் எண்டு சொல்லுறது."

நன்னீர் மீன்வளர்ப்பு விரிவாக்கலில் வேலை செய்யும் எனக்கு இந்த மீன் புதிதல்ல. ஆனால் அந்தக் குளத்தில் குஞ்சு விட்ட பதிவேட்டில் அது இல்லை. எங்கள் குளங்களில் திலாப்பியா ஆபிரிக்காவிலிருந்தும் கட்லா, றோகு, மிறிகால் இந்தியாவிலிருந்தும் வந்தவை என்பதை மறைக்கத் தேவையில்லை. அவற்றை எந்தக் குளத்துக்கு எத்தனை குஞ்சு என்று கணக்குப் பார்த்து விடுகிறோம். கணக்கில்லாமல் வரும் மீன்தான் எனக்குக் கவலை. அதிலும் இது புல் தின்னும் மீன்.

றோகுவோடு இதை மாறி எடுப்பது எளிது. முதுகுச் செட்டையைப் பாருங்கள். றோகுவுக்கு அது அடி நீண்டு அகன்றிருக்கும். புல்லுக்கெண்டைக்கு ஏழெட்டுக் கதிர்களோடு குட்டையாக நிற்கும். றோகுவின் கீழுதட்டில் குஞ்சம் வைத்தது போன்ற விளிம்பு உண்டு, இதற்கு இல்லை. சாதாரணக் காப் மீனுக்கு இரண்டு சோடி மீசை, இதற்கு மீசையே கிடையாது. தலை மழுங்கி அகன்றிருக்கும். செதில்களின் ஓரம் மை தீட்டியது போலக் கறுத்திருக்கும். பிறகும் ஐயம் என்றால் தொண்டையைத் திறக்க வேண்டும். வாயில் பல் இருக்காது, தொண்டைக்குள் சீப்புப் போன்ற பற்கள் இருக்கும்.

அன்று அந்த மீனை வெட்டிப் பார்த்தோம். இதற்கு இரைப்பை இல்லை. குடல் நெடுக நறுக்கிப் போட்டது போல வேலம்பாசி, பின்பகுதியில்கூடப் பச்சை முழுதாக மாறாமல் கிடந்தது. தின்பதில் ஏறத்தாழப் பாதி செரிக்காமலே வெளியேறும். அந்தக் கழிவு நுண்பாசிக்கு உரம். தெளிந்து கிடந்த தண்ணீர் பச்சைக் குழம்பாக மாறுவதும், அப்படியான குளத்தில் விடியற்புறம் ஒட்சிசன் இறங்கி மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதும் இப்படித்தான் தொடங்குகின்றன.

"பாசி போனால் வலை சிக்காதே, நல்லதுதானே?" என்று ஒரு இளைஞர் கேட்டார். வலை இழுப்பவருக்கு அது நியாயமான கேள்வி. நான் அவரை அலைகரைப் பக்கம் கூட்டிப்போனேன். விரால் சோடி பாசிக்குள் ஒரு வட்டத்தைத் துப்புரவாக்கி அங்கேதான் முட்டை விடும். முட்டை மிதக்கும், தாயும் தகப்பனும் காவல் நிற்கும். செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாக மேலெழும்போது ஒதுங்க ஓர் இடம் வேண்டும். அந்த ஓரப் பாசி இல்லாத குளத்தில் விரால் குஞ்சுக்கு ஒளிவிடம் ஏது? சின்னக் கெண்டைகளும் அங்கேதான் ஒதுங்குகின்றன. கட்டுக்கரைக்குளத்தில் தாமரை இலைமேல் நடந்து இரை தேடும் இலைக்கோழியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. குளக்கட்டில் மோதும் அலையின் வேகத்தைத் தணிப்பதும் இந்தப் புல்பூண்டுகள்தான்.

ஆகாயத்தாமரையை ஒழிக்க இந்த மீனை விடலாமா என்று கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறார்கள். என் பதில்: வேண்டாம். இது மென்மையான பாசியைத்தான் முதலில் தேடும், ஆகாயத்தாமரையை விரும்பாது. நமக்கு வேண்டிய வேலம்பாசி தீர்ந்துபோகும், ஆகாயத்தாமரை அப்படியே நிற்கும். குளிர் நாடுகளில் மாரிக்குளிரில் இதன் பசி அடங்கும். வன்னித் தண்ணீரில் அதற்கு ஆண்டு முழுவதும் பசிதான்.

ஓர் ஆறுதல் உண்டு. கிழக்காசியப் பேராறுகளில் வெள்ளம் எழும்போது முட்டை விடுகிற மீன் இது. பொரிக்கும்வரை முட்டை ஓடும் நீரில் மிதந்தபடி நெடுந்தூரம் போக வேண்டும். தேங்கிய நீரில் அடியில் படிந்து கெட்டுவிடும். அதனால் குஞ்சு நிலையங்களில் ஓமோன் ஊசி போட்டுத்தான் பெருக்குகிறார்கள். எங்கள் குளத்தில் அகப்படும் ஒவ்வொன்றும் யாரோ கொண்டுவந்த குஞ்சு, ஆகவே பிடிக்கப் பிடிக்கக் குறையும். ஆனாலும் பத்து ஆண்டுக்கு மேல் வாழும், ஒரு மீற்றரைத் தாண்டியும் வளரும். அமெரிக்காவுக்கு 1963இல் கொண்டுபோனார்கள், 1966இல் ஒரு நிலையத்திலிருந்து தப்பியது. இன்று மிசிசிப்பி ஆற்றில் தானாகப் பெருகுகிறது. இன்னொரு கவலை, கெண்டை இனங்களின் குடலைத் தாக்கும் ஆசிய நாடாப்புழு. அது பல நாடுகளுக்குப் பரவியது இந்த மீனின் குஞ்சுகளோடுதான்.

அந்தக் குளத்துக்கு மீன் எங்கிருந்து வந்தது என்று மேலே தேடிப்போனோம். ஒரு கமக்காரர் தன் தோட்டக் குட்டையில் புல்லுக்கெண்டை வளர்த்திருக்கிறார். போன மாரியில் குட்டை நிரம்பி வாய்க்காலுக்குள் வழிந்திருக்கிறது. அவர் எதையும் ஒளிக்கவில்லை, வழிந்த தண்ணீரோடு மீனும் போயிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அடைத்த குட்டையில் இது நல்ல வளர்ப்பு மீன். வாழையிலையும் புல்லும் போட்டே வளர்க்கலாம். முள் கூடினாலும் இறைச்சி ருசி. குஞ்சு வாங்க முன் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் மாவட்ட உத்தியோகத்தரிடம் ஒரு சொல் கேளுங்கள். குட்டை நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அவர் வந்து பார்ப்பார்.

குளத்தில் அகப்பட்டால் திரும்ப விடாதீர்கள். பெரிதாகட்டும் என்று விட வேண்டாம், பாவம் என்றும் விட வேண்டாம். படம் எடுத்து, நிறையையும் திகதியையும் குறித்துச் சங்கத்துக்குச் சொல்லிவிட்டுக் கறிக்கு எடுங்கள். பாசி நிற்கும் ஓரத்தில் எத்தனை அகப்படுகிறது, நடுக்குளத்தில் எத்தனை என்று குறித்துத் தந்தால் எங்களுக்கு இன்னும் உதவி.

அந்தத் தோணிக்காரர் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறார். இதுவரை ஏழு. கமக்காரர் குட்டையின் வரம்பை உயர்த்தி, வழியும் இடத்தில் சின்னக் கண் வலை கட்டியிருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன் அதை ஒருமுறை இழுத்துப் பார்க்கப் போகிறேன்.